ஸ்லீப் ஆப்னியாவுக்கு வாய்க்குள்ள போடுற கருவி – என் அனுபவம்

ஸ்லீப் டெஸ்ட்ல எனக்கு மிதமான ஆப்னியான்னு வந்துச்சு, அதாவது தூக்கத்துல மணிக்கு 15லேருந்து 30 தடவைக்குள்ள மூச்சு நிக்குது இல்லன்னா குறையுது. மூச்சுக்குழாய் அடைக்காம இருக்க காத்த அழுத்தி அனுப்புற சீபேப் மெஷினோட மாஸ்க் சுத்தமா ஒத்துக்கல, தூக்கத்துலயே கழட்டிடுவேன், அதனால ஸ்லீப் டாக்டர் சொல்லி பல் டாக்டர்கிட்ட அளவு குடுத்து கருவி செஞ்சுகிட்டேன். மேல் பல்லுக்கு ஒண்ணு, கீழ்ப் பல்லுக்கு ஒண்ணு, ரெண்டும் சேந்து கீழ்த்தாடைய முன்னாடி இழுத்துப் பிடிக்கும், நாக்கும் கூடவே வர்றதால தொண்டை அடைக்காது. ஒரேடியா இழுக்காம கொஞ்சம் கொஞ்சமா தள்ளுனாங்க, இதுதான் ரொம்ப முக்கியம். ஆரம்பத்துல எச்சில் ஊறும், காலைல தாடை வலிக்கும். குறட்டை நின்னா போதும்னு மட்டும் விட்டுடாதீங்க, சத்தமே இல்லாமலும் மூச்சு நிக்கலாம், கருவிய போட்டுகிட்டே மறுபடி டெஸ்ட் எடுங்க. எனக்கு அதுல மூச்சு நிக்குறது மணிக்கு 5 தடவைக்கு கீழ வந்துடுச்சு, பகல் தூக்கமும் போயிடுச்சு.