தன்பாலீர்ப்பு வாழ்வைப் பாடும் ஒரு கலைப்பாடல் மாலை நிகழ்ச்சியை அமைப்பது எப்படி

ஏற்கெனவே எழுதப்பட்ட கவிதை ஒன்றுக்கு இசையமைப்பாளர் இசை தர, அதை ஒரு பாடகரும் ஒரு பியானோ கலைஞரும் ஒலிபெருக்கியின்றி நிகழ்த்தும் மேற்கத்திய வடிவமே கலைப்பாடல். தன்பாலீர்ப்பு வாழ்வைக் கொண்டாடும் மாலை நிகழ்ச்சி ஒன்றை இவ்வடிவத்தில் அமைக்க முனைபவர்கள் முதலில் தன்பாலீர்ப்பாளர்களான இசையமைப்பாளர்களின் பெயர்ப்பட்டியலைத்தான் எழுதுகிறார்கள்: சைக்காவ்ஸ்கி, ரெய்னால்டோ ஆன், பூலாங்க், பார்பர், பிரிட்டன், நெட் ரோரெம். பட்டியலில் பிழையில்லை, ஆனால் அதை வைத்து மட்டும் நிகழ்ச்சி அமையாது. ரோரெம் ஒருவரே ஏறத்தாழ 500 பாடல்கள் எழுதியவர். அவற்றில் பலவற்றுக்கும் அவர் யாரை நேசித்தார் என்பதற்கும் தொடர்பே இல்லை. எனவே கவிதையிலிருந்து தொடங்குங்கள்: யார், யாரை நோக்கி, எந்த நிலையில் பேசுகிறார் என்று ஒவ்வொரு கவிதையிடமும் கேளுங்கள்.

இக்கேள்விக்கு மிகத் தெளிவாக விடை தருவது பிரிட்டனின் ‘மைக்கலாஞ்சலோவின் ஏழு சானெட்டுகள்’ (சானெட் என்பது பதினான்கு வரிக் கவிதை). டொமாசோ டி காவல்யேரி என்ற இளைஞர் மீதான காதலில் மைக்கலாஞ்சலோ எழுதிய கவிதைகள் இத்தொகுப்பின் உயிர்நாடி. அவற்றில் ஒன்றின் இறுதி வரியில், ஆயுதம் தாங்கிய வீரன் ஒருவனின் கைதி நான் என்று சொல்லி, அந்த இளைஞரின் பெயரையே அவர் ஒளித்து வைக்கிறார். 1623இல் இக்கவிதைகளை அச்சிட்ட அவருடைய உறவினர், ஆணைக் குறித்த சொற்களைப் பெண்ணைக் குறிப்பவையாக மாற்றிவிட்டார். பிரிட்டன் 1940இல் தம் துணைவரான டெனர் (உச்சக்குரல் ஆண்) பாடகர் பீட்டர் பியர்ஸுக்காக இசையமைத்த இத்தொகுப்பை, இருவரும் 1942 செப்டம்பரில் லண்டன் விக்மோர் அரங்கில் நிகழ்த்தினார்கள். ஆண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலம் அது. சட்டம் மாறியது 1967இல்தான். இத்தாலிய மொழி அன்று ஒரு நல்ல திரையாக அமைந்திருக்க வேண்டும். இந்த வரலாற்றைப் பாடுவதற்கு முன் இரண்டு நிமிடங்களில் சொல்லிவிடுங்கள்; அதற்கு மேல் நீண்டால் அது விரிவுரையாகிவிடும்.

ஷூபர்ட் போன்ற இசையமைப்பாளர்களிடம் எச்சரிக்கை தேவை. அவர் தன்பாலீர்ப்பாளரா என்று 1989இல் இசை ஆய்வாளர் மேனார்ட் சாலமன் எழுதிய கட்டுரை கிளப்பிய விவாதம் இன்னும் தீரவில்லை. ஆகவே ஷூபர்ட்டை நம்மவர் என்று அறிவிப்பதைவிட, தன்பாலீர்ப்பைத் தம் நாட்குறிப்புகளில் பதிந்த கவிஞர் பிளாட்டனின் வரிகளுக்கு ஷூபர்ட் 1822இல் அமைத்த ‘காதல் பொய்த்தது’ என்ற பாடலைச் சேர்ப்பதே நேர்மையான வழி.

பாடல்களின் வரிசையில்தான் பெரும்பாலான நிகழ்ச்சிகள் தடுமாறுகின்றன. கால வரிசையில் அடுக்கினால் ஒளிந்து வாழ்வதில் தொடங்கி எய்ட்ஸ் மரணங்களில் முடியும். தன்பாலீர்ப்பாளர் வாழ்வு என்றாலே துயரம் என்ற பழைய கதையை நாமே மறுபடி சொன்னதாகிவிடும். எழுபது நிமிட நிகழ்ச்சியென்றால் துயரப் பகுதி நாற்பதாவது நிமிடத்தையொட்டி வரட்டும். அதற்குரிய பாடல்களை ‘எய்ட்ஸ் குவில்ட் பாடல் நூலி’லிருந்து எடுக்கலாம். எய்ட்ஸ் நோயுற்றிருந்த பாரிடோன் (நடுக்குரல் ஆண்) பாடகர் வில்லியம் பார்க்கர் பல இசையமைப்பாளர்களிடம் கேட்டுப் பெற்றுத் திரட்டிய பாடல் தொகுப்பு அது; வேறு மூன்று பாரிடோன்களுடன் சேர்ந்து 1992 ஜூன் 4 அன்று நியூயார்க் ஆலிஸ் டல்லி அரங்கில் அவர் அதைப் பாடினார்; அடுத்த மார்ச்சில் காலமானார். அதில் மெல்வின் டிக்ஸனின் கவிதைக்கு ஜான் மஸ்டோ இசையமைத்த ‘இதயத் துடிப்புகள்’ உடற்பயிற்சியில் தொடங்கி, உடல் தளரத் தளர, மூச்சை இழுத்து விடுவதில் முடிகிறது. வாக்கியங்களோ பெரும்பாலும் இரண்டே அசைகள் கொண்டவை. அதைப் பாடி முடித்ததும் பியானோ கலைஞர் கைகளை உடனே எடுத்துவிடாமல் இருந்தால் கைத்தட்டல் தானாகவே தள்ளிப்போகும்.

அதன் பிறகு சிரிப்புக்கும் இடம் வேண்டும். பூலாங்கின் குறும்புப் பாடல்களோ, 1920இல் பெர்லின் கேபரே (இரவு விடுதிக் கேளிக்கை) மேடைக்காக ஸ்போலியான்ஸ்கி இசையமைத்த ‘ஊதா நிறப் பாட்டோ’ பொருந்தும். பின்னது கலைப்பாடல் அல்ல என்று இலக்கணம் பேசுபவர்கள் பேசட்டும். தலைநிமிர்ந்து தன்னைச் சொல்லிக்கொள்ளும் அந்தத் துணிவுக்கு நிகரான பாடல் கிடைப்பது அரிது.

பாடல் வரிகளையும் மொழிபெயர்ப்பையும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எதிரெதிராக அச்சிட்டு, படிக்குமளவுக்கு அரங்க விளக்குகளை விட்டுவையுங்கள். ஒரு பாடலின் வரிகள் நடுவில் பக்கம் மாறக் கூடாது. மாறினால், பியானோ மட்டும் தணிந்து ஒலிக்கும் இறுதிப் பகுதியில் அரங்கு முழுவதும் தாள் சலசலக்கும்.

பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுடைய பாலீர்ப்பை விசாரிக்காதீர்கள். அதைக் குறிப்பேட்டில் சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை.

உரிமம் பெறும் வேலையை மாதக்கணக்கில் முன்னரே தொடங்கிவிடுங்கள். சைக்காவ்ஸ்கிக்குத் தடையில்லை. இசையமைப்பாளர் பிரிட்டன் 1976இல் மறைந்ததால் ஐக்கிய இராச்சியத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அவருடைய இசைக்கு 2046 முடியும் வரை காப்புரிமை உண்டு. டிக்ஸனின் கவிதையைக் குறிப்பேட்டில் அச்சிட, பாடுவதற்கான அனுமதி போதாது. கவிதைக்கு உரிமையுள்ளவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.