வெண்டையில் சாம்பல் நோய்: கந்தகம் கைகொடுத்தது

தை மாதம் வெண்டையின் அடி இலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டிக்கொண்டது, சாம்பல் நோய்தான். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, வெயில் ஏறுமுன் இலையின் இருபுறமும் நனையத் தெளித்தேன்.

கந்தகம் செடிக்குள் போகாது. இலைமேல் படிந்து லேசாக ஆவியாகும். முளைவிடும் பூஞ்சை வித்துக்குள் அது நுழைந்து சுவாசத்தையே முடக்கிவிடும். வித்து முளைக்காது, நோய் பரவாது. ஏற்கெனவே கெட்ட இலை தேறாது என்பதால், நோய் முற்றியதை எல்லாம் கிள்ளி அப்புறப்படுத்தினேன். அப்புறம் வந்த தளிர்கள் சுத்தமாக இருந்தன.

மழையில் கழுவிப் போனால் திரும்ப அடிக்க வேண்டும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தயவுசெய்து அடிக்காதீர்கள், இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது கழித்துத்தான் கந்தகம்.