ரம்மியில் இரண்டுங்கெட்டான் கை: டிராப்பா, ஆட்டமா?

நல்ல கை வந்தால் யார் வேண்டுமானாலும் ஆடிவிடலாம். குப்பை வந்தால் கவிழ்த்து வைத்துவிடலாம், அதுதான் டிராப். இரண்டிலும் சேராத கையில்தான் புதியவர்கள் புள்ளியை அள்ளிக் கொடுக்கிறார்கள்.

காசு வைக்காமல் பழகுங்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி தட்டிய வீட்டில் கொட்டைக்கா பஞ்சம்? காசுக்குப் பதில் ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது 13 சீட்டு, 101 ஆட்டம்; புள்ளி 101-ஐத் தொட்டவர் வெளியே. இரண்டு கட்டோடு இரண்டு அச்சு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. முதல் சீட்டை எடுக்கும் முன்பே விட்டால் முதல் டிராப், 20 புள்ளி; பிறகு விட்டால் நடு டிராப், 40; தோற்றால் அதிகபட்சம் 80, அதுதான் முழு அடி.

படி 1: ஒரிஜினலைத் தேடுங்கள்

ஒரே சின்னத்தில் மூன்றோ அதற்கு மேலோ வரிசையாக வந்தால் சீக்வென்ஸ்; எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் ஜோக்கர் அதில் சேராவிட்டால் ஒரிஜினல். அது ஒன்றாவது இல்லாவிட்டால், அடுத்தவர் கையை முடித்து டிக்ளேர் செய்யும்போது உங்கள் கையில் உள்ள எல்லாச் சீட்டும் எண்ணப்படும். ஆகவே ஜோக்கர் எத்தனை என்று பார்ப்பதற்கு முன் ஒரிஜினலுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மூன்று ஜோக்கர் இருந்தும் ஒரிஜினலுக்கு வழியில்லாத கை, பார்க்கத்தான் அழகு.

ஹார்ட்டின் 6, 7 இருந்தால் 5 வந்தாலும் 8 வந்தாலும் சேரும். இரண்டு கட்டு என்பதால் உதவும் சீட்டு நான்கு. 5, 7 என்று நடுவில் ஓட்டை இருந்தால் 6 மட்டும்தான், இரண்டே சீட்டு. ஏஸ், 2 வைத்திருந்தாலும் அதே கதை: 3 மட்டுமே உதவும். 5, 6, 8 என்று மூன்று இருந்தால் 4-ம் உதவும், 7-ம் உதவும், இதை விடாதீர்கள். ஒரே எண்ணுள்ள ஜோடிக்கும் நான்கு சீட்டு உண்டு, ஆனால் அதில் கிடைப்பது செட் (வேறு வேறு சின்னத்தில் ஒரே எண்), அது ஒரிஜினல் ஆகாது.

படி 2: ஆட்களை எண்ணுங்கள்

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆறு பேர் உட்கார்ந்தால் 78 சீட்டு கைகளுக்குப் போய்விடும். திறந்த சீட்டும் வெட்டு ஜோக்கரும் (கட்டிலிருந்து வெட்டி எடுக்கும் சீட்டு; அதே எண்ணுள்ளவை எல்லாம் ஜோக்கர்) போக, கட்டில் மிச்சம் 26. நீங்கள் காத்திருக்கும் சீட்டு யாரோ ஒருவர் கையில் செட்டாகப் படுத்திருக்கலாம். இரண்டே பேர் என்றால் கட்டில் 78 கிடக்கும், காத்திருக்க இடமுண்டு.

படி 3: ஒரு கையைப் போட்டுப் பார்ப்போம்

வெட்டு ஜோக்கர் 9. கையில் ஹார்ட்டின் 6, 7, ஜாக். இஸ்பேட் 3, 8, ராணி. டைமன் 2, 4, 9, ராணி. கிளாவர் 5, 10, ராஜா. எண் சீட்டுக்கு அதன் எண், படச் சீட்டுக்குப் பத்து என்று, ஜோக்கரான 9-ஐ விட்டு எண்ணினால் 85, அதாவது முழு 80 அடி. ஒரிஜினலுக்கு நல்ல வழி ஹார்ட்டின் 6, 7 மட்டும். டைமன் 2, 4 ஓட்டை. ஆறு பேர் என்றால் யோசிக்காமல் டிராப். இரண்டு பேர் என்றால் ஆடலாம்.

ஆடுவதென்றால் முதலில் ராஜா, அடுத்து ஜாக், பிறகு 10. எதனோடும் சேராத பத்துப் புள்ளிச் சீட்டுகள் இவை. ராணி ஜோடியை ஓரிரு சுற்று வைத்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஹார்ட்டின் 8 திறந்த சீட்டாக விழுந்தால் தயங்காமல் எடுங்கள். எதிராளிக்குத் தெரிந்துவிடும்தான், ஆனாலும் ஒரிஜினல் கிடைத்துவிடுகிறதே.

எங்கே தவறுகிறது

"ஒரு சீட்டு பார்த்துட்டு விடலாம்" என்பதுதான் பெரிய தவறு. உங்கள் முறையில் சீட்டு எடுக்கும் முன்புதான் டிராப் செய்ய முடியும். எடுத்துவிட்டால் அடுத்த முறை 40 கொடுக்க வேண்டும். ஒரு சீட்டைப் பார்க்க 20 புள்ளி கூடுதல். அந்தச் சீட்டு ஒரிஜினலை முடிக்கும் வாய்ப்பு மேலே பார்த்த நான்கு சீட்டில்தான் இருக்கிறது.

நாலைந்து சுற்றாகியும் ஒரிஜினல் வரவில்லை என்றால் கையை எண்ணுங்கள். பெரிய சீட்டெல்லாம் போய் மொத்தம் 40-க்குக் கீழே இறங்கியிருந்தால் நடு டிராப் வீண். 60, 70 என்று நின்றால் விட்டுவிடலாம்.

கணக்கு நோட்டையும் பாருங்கள். ஐந்து முறை டிராப் செய்தாலும் 100-தான், ஆட்டத்தில் இருப்பீர்கள். 81-ஐத் தொட்டுவிட்டால் டிராப் என்றாலே வெளியேற்றம்; அப்போது எந்தக் கை வந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும். 61-ஐத் தொட்டாலே நடு டிராப்பும் கிடையாது. அந்த நிலையில் முதல் சீட்டை எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.