ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஈஜிடி (புகைச் சூடு) சென்சார்: என் டர்போ எஸ்டீமில் செய்த முறை

போன வருடம் சித்திரை மாதம், என் மாருதி எஸ்டீம் காரின் மூன்றாவது சிலிண்டர் பிஸ்டன் உருகிப்போனது. 1298 சிசி இன்ஜின், அதன் மேல் நான் ஏற்றிய சின்ன டர்போ. கடைசி நிமிடம் வரை வைட்பேண்ட் மீட்டர் (புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்வது) 11.8 என்று காட்டிக்கொண்டிருந்தது. டர்போ வண்டிக்கு அது நல்ல கலவைதான். கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது இன்ஜெக்டர் பாதி அடைத்திருந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது நாலு சிலிண்டரின் புகையும் கலந்த பிறகு அளக்கிறது. மூன்று சிலிண்டர் 11-லும் ஒன்று பெட்ரோல் குறைந்து 15-லும் ஓடினால் கலந்த புகையில் கிடைப்பது ஏறக்குறைய 11.8 தான். பேப்பரில் போட்டுப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்: அடுத்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரின் புகைச் சூட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

என்ன வாங்குவது

கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பி சேர்ந்த சூட்டு சென்சார்) நாலு: 3 மி.மீ. தடிமன், இன்கோனல் உறை, முனை மூடியது. திறந்த முனை சீக்கிரம் காட்டும், ஆனால் டர்போவுக்கு முன்னால் அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. முனை உடைந்தால் நேரே டர்பைன் சக்கரத்துக்குத்தான் போகும்.

வாங்கும்போது 'அன்கிரவுண்டட்' என்று கேட்டு வாங்குங்கள். கிரவுண்டட் வகையில் உள்ளே இருக்கும் ஜங்ஷன் (இரண்டு கம்பியும் சேரும் இடம்) உறையோடு ஒட்டியிருக்கும். உறை இன்ஜினைத் தொடும், இன்ஜின் பேட்டரி நெகட்டிவில் இருக்கிறது. தெர்மோகப்பிளின் வோல்டேஜை டிகிரியாக மாற்றும் மேக்ஸ் 31855 சிப் இதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு அளவே காட்டாது.

சிப் என்றால் எனக்கு 31855 தான். மேக்ஸ் 6675 மலிவு, ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் 1024 டிகிரியோடு நின்றுவிடும், கிரவுண்டில் ஷார்ட் ஆனாலும் சொல்லாது. 31855 என்பது 3.3 வோல்ட் சிப், அதனால் அதோடு ஈஎஸ்பி 32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. கிளாக் வயரும் டேட்டா வயரும் நாலுக்கும் பொது, செலக்ட் வயர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி. புரோகிராம் கோடு எழுதுவது பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி.

மேனிஃபோல்டில் பொருத்துவது

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (நாலு சிலிண்டரின் புகையையும் சேர்க்கும் குழாய்) கழற்றி வெளியே வைத்துத்தான் துளை போட வேண்டும். வண்டியில் இருக்கும்போதே போட்டால் இரும்புத் தூள் டர்போவுக்குள் போய்விடும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 1/8 இன்ச் பைப் திரெட் போட்ட நாலு பங் (சென்சார் ஃபிட்டிங்கைத் திருகும் வளையம்) கடைந்து, டிக் வெல்டிங் செய்து வாங்கினேன். வெல்டிங் சூட்டில் திரெட் கொஞ்சம் கோணும். திரெட் வெட்டும் டேப்பை இன்னொரு முறை ஓட்டிவிடச் சொல்லுங்கள்.

நாலு பங்கும் பிளாஞ்சிலிருந்து (மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் தட்டு) ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நான் 40 மி.மீ. வைத்தேன். 35-ஆ 45-ஆ என்பது முக்கியமில்லை, நாலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் நீங்கள் அளப்பது சிலிண்டர் வித்தியாசமா, தூர வித்தியாசமா என்று தெரியாது. முனை குழாயின் நடுவில் வர வேண்டும். கம்ப்ரெஷன் நட்டை ஒருமுறை இறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் வளையம் உறையைக் கவ்விக்கொள்ளும், பிறகு ஆழத்தை மாற்ற முடியாது. அளந்த பிறகு இறுக்குங்கள்.

வயரிங்: நான் மாட்டிக்கொண்ட இடம்

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

காலையில் கிளம்பும்போது நாலு சிலிண்டரும் ஒட்டிய மாதிரி ஓடும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் அரை மணி நேரம் நின்று வெளியே வந்தால் இரண்டாவது சிலிண்டர் மட்டும் 80 டிகிரி இறங்கியிருக்கும். மிஸ்ஃபயர் என்று நினைத்து பிளக் மாற்றினேன், இன்ஜெக்டரைக் கழற்றினேன், கம்ப்ரெஷன் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. இரண்டு வாரம் போனது.

தப்பு வயரில். தெர்மோகப்பிளோடு வந்த வயர் மஞ்சளும் சிவப்பும். அது அமெரிக்க முறை, அதில் சிவப்புதான் நெகட்டிவ். நீட்டிப்புக்கு வாங்கிய கே டைப் வயர் பச்சையும் வெள்ளையும். அது ஐஇசி என்ற சர்வதேச முறை, பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். இரண்டாவது சிலிண்டர் இணைப்பில் மட்டும் பழக்கதோஷத்தில் சிவப்பைப் பாசிட்டிவ் என்று எடுத்து பச்சையோடு சேர்த்திருக்கிறேன். லைட்டரால் சுட்டுப் பார்த்தபோது அளவு கீழே போனது. சரி, மாறிவிட்டது என்று சிப் இருக்கும் பெட்டிப் பக்கம் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன். இப்போது அளவு ஏறியது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. நடுவில் இருந்த நீட்டிப்பு வயர் இரு முனையிலும் தலைகீழாகிவிட்டது. இப்படி ஆனால், இன்ஜின் பக்க இணைப்புக்கும் பெட்டிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அதைப்போல இரண்டு மடங்கு குறைத்துக் காட்டும். இணைப்பு 75 டிகிரி, காருக்குள் இருக்கும் பெட்டி 35 டிகிரி என்றால் 80 டிகிரி குறையும். காலையில் இரண்டு இடமும் ஒரே சூடு, அதனால் தப்பு தெரியாது. நம் ஊர் வெயிலில் பானட்டுக்குள் சூடு ஏற ஏற அது வெளியே வரும். சாதாரண செம்பு வயரில் நீட்டினாலும் இதே கதைதான், அதில் ஒரு மடங்கு குறையும்.

நிறத்தை நம்பாமல் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். கே டைப்பில் பாசிட்டிவ் கம்பி குரோமல், அது காந்தத்தில் ஒட்டாது. நெகட்டிவ் அலுமல், ஒட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒட்டுவது ஒட்டுவதோடு, ஒட்டாதது ஒட்டாததோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எட்டு கம்பிக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

அப்புறம், வண்டியில் மாட்டும் முன் நாலு முனையையும் ஒரே பாத்திரத்துக் கொதிநீரில் போடுங்கள். வேலூரில் 99 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நீர் கொதிக்கும்போதே நீட்டிப்பு இணைப்பை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். அளவு அசையாமல் நின்றால் வயரிங் சரி. இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

ஐடிலில் வரும் அளவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், புகை ஓட்டம் அப்போது குறைவு. லோடு வேண்டும். ஏலகிரி மலைப்பாதை அதற்கு நல்ல இடம்: 14 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியர், வேகம் குறைவு, இன்ஜினுக்கு ஓயாத வேலை. ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. மெமரி கார்டில் பதிந்துகொண்டு மேலே போய் நிறுத்திப் பாருங்கள். முழு பூஸ்ட் சோதனையை நான் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில்தான் செய்கிறேன். பெங்களூரு நெடுஞ்சாலை அதற்கான இடமில்லை.

தெர்மோகப்பிளுக்கே 0.75 சதவீதப் பிழை அனுமதி உண்டு, 800 டிகிரியில் அது 6 டிகிரி. 30 டிகிரி வித்தியாசத்துக்கெல்லாம் நான் கவலைப்படுவதில்லை. ஒரு சிலிண்டர் மற்ற மூன்றின் சராசரியிலிருந்து 60 டிகிரி விலகினாலோ, எது ஒன்று 900-ஐத் தாண்டினாலோ பஸ்ஸர் அடிக்கும்படி வைத்திருக்கிறேன். முழு லோடில் ஒன்று மட்டும் ஏறினால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் திடீரென்று சரிந்தால் மிஸ்ஃபயர். நாக்கிங்கை (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) பிடிக்க இதை நம்பாதீர்கள். அப்போது சூடு சிலிண்டர் சுவருக்குள் போய்விடும், புகைச் சூடு குறையக்கூடச் செய்யும்.

புது இன்ஜினில் நாலாவது சிலிண்டர் 70 டிகிரி அதிகம் காட்டியது. நாலாவது இன்ஜெக்டரை ஒன்றாவதிலும், ஒன்றாவதை நாலாவதிலும் மாற்றிப் போட்டு மறுபடி மலை ஏறினேன். சூடு ஒன்றாவதுக்கு வந்துவிட்டது. அப்படியானால் இன்ஜெக்டர்தான். சுத்தம் செய்து மாட்டியதும் 25 டிகிரிக்குள் வந்தது. சூடு இடம் மாறாமல் நாலிலேயே நின்றிருந்தால் பிளக், வால்வு இடைவெளி, கம்ப்ரெஷன் என்று போயிருப்பேன்.

பின்சேர்க்கை: ஆம்பூரிலிருந்து ஒருவர், ஃபிட்டிங் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் ஏறவில்லை என்று எழுதியிருந்தார். லேத்தில் 1/8 பைப் திரெட் என்று மட்டும் சொன்னால் நம் பக்கம் பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) போட்டுவிடுவார்கள். அது இன்ச்சுக்கு 28 புரி. சென்சாரோடு வரும் ஃபிட்டிங் பெரும்பாலும் என்பிடி (அமெரிக்க அளவு), 27 புரி. கையால் ஏறத் தொடங்கும், பிறகு இறுகும், ஸ்பானர் போட்டால் திரெட் போய்விடும். ஃபிட்டிங்கைக் கையில் எடுத்துக்கொண்டே பட்டறைக்குப் போங்கள்.