வேன் வாங்குவதற்கு முன்னால்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்திருந்தார்கள். இருவரும் சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. அதை விட்டுவிட்டு, பெரும்பாக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு தொடக்கப் பள்ளி ஆரம்பிக்கப் போகிறார்களாம். மடிக்கணினியைத் திறந்து பட்ஜெட்டைக் காட்டினார்கள். ஏழாவது வரியில் ‘வேன் - 1’ என்று இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண்ணகி நகரில் நாங்கள் பள்ளி ஆரம்பித்த இரண்டாம் வருடம் எங்கள் கணக்கிலும் இதே வரி முளைத்தது.

இப்படிப் பள்ளி ஆரம்பிக்கிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கீகாரம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த பிறகும் அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால், அந்த ஆள் பள்ளி நடத்தவே வர வேண்டாம்.

எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று நினைப்பது

கண்ணகி நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 15,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் குடிசை மாற்று வாரியம் கட்டியது (2021இல் பெயர் மாறிவிட்டது, அங்கே யாரும் புதுப் பெயரைச் சொல்வதில்லை). கூவம் கரையிலிருந்து ஒரு கூட்டம், அடையாற்றங்கரையிலிருந்து ஒரு கூட்டம், கடலோரக் குப்பங்களிலிருந்து ஒரு கூட்டம் என்று லாரியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரை யாரும் தேர்ந்தெடுத்து வரவில்லை. ‘சமூகப் பள்ளி’ என்று பலகை வைக்கிறோமே, அந்தச் சமூகம் அங்கே தயாராகக் காத்திருக்கவில்லை.

நாங்கள் வாய்ச்சாலகமான ஒருவரைப் பிடித்துக் குழுத் தலைவராக்கினோம். மூன்றே மாதத்தில் மற்ற பிளாக்குகளில் அது ‘அவரோட ஸ்கூல்’ ஆகிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. உதவி பெறாத தனியார் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அப்படியே காப்பி அடியுங்கள். பிளாக்குக்கு ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேன்

முதல் வருடம் ஜூன் மாதம். மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை காலையில் கேட்டில் நின்றாள். ஒரு தோளில் பை, இன்னொரு பக்கம் இடுப்பில் தம்பி. ஒரு வயது இருக்கும். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கையில் நமுத்துப்போன பிஸ்கட். நான் சொன்னேன்: “பாப்பாவை வீட்டுல விட்டுட்டு வாம்மா. இது ஸ்கூல், பால்வாடி இல்ல.” அவள் “சரி சார்” என்று திரும்பிப் போனாள். அப்புறம் வரவே இல்லை.

அந்த வருடக் கடைசிக்குள் பதினோரு பெண் பிள்ளைகள் நின்றுபோனார்கள். பையன்கள் மூன்று பேர்தான். அந்த வித்தியாசமே எங்களை யோசிக்க வைத்திருக்க வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை, படிவம் அச்சடித்தோம். ‘பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம்: அ) தூரம் ஆ) உடல்நலம் இ) ஆர்வமின்மை ஈ) மற்றவை.’ பெரும்பாலான அம்மாக்கள் தூரம் என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகளை நிறுத்திவிட்டேன் என்று எந்த அம்மா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்? குடியிருப்பின் கடைசி பிளாக்கிலிருந்து பள்ளிக்கு நடந்தால் இருபது நிமிடம். அதை நானே நடந்து பார்த்திருந்தால் போதும். படிவத்தை நம்பினேன்.

வேன் வாங்கினோம். செகண்ட் ஹேண்ட், ஆறரை லட்சம். 2012இல் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உதவியாளர், தீயணைப்பான் எல்லாம் வேண்டும். வேண்டியவைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காசு. டிரைவர், உதவிக்கு ஓர் ஆயா, டீசல், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) என்று மாதம் 28,000 ரூபாய் கரைந்தது. இருபது சீட் வண்டியில் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அந்த ஆறு பேரும் அதற்கு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தவர்கள்.

நான்கு மாதம் அப்படியே ஓட்டினோம். ஒருநாள் ஆயாவுக்கே பொறுக்கவில்லை. “வண்டி இன்னாத்துக்கு சார்? அதுங்க வந்துட்டா வூட்டுல கொயந்தைய யாரு பாத்துப்பா? ஒரு ரூம்ல நாலு தூளி கட்டு சார், தானா வரும்.”

எவ்வளவு கண்ணெதிரே இருந்திருக்கிறது! அம்மாக்களில் பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார்கள். சிலர் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளுக்கு, சிலர் இன்னும் மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் பழைய வீடுகளுக்கே. குடியிருப்பைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வேலை அங்கேயே தங்கிவிட்டது. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது இன்னும் சிலர் பழைய இடத்துக்கே திரும்பிப் போனார்கள். பால்வாடி திறப்பதற்குள் அம்மா வேலைக்குப் போயாகிவிட்டது, கைக்குழந்தையை அங்கே நாள் முழுக்க விடவும் முடியாது. மிச்சம் இருப்பது எட்டு வயது அக்கா.

வேனை நான்கே கால் லட்சத்துக்குக் கொடுத்துவிட்டு ஸ்டாக் ரூமைக் காலி செய்தோம். உத்தரத்தில் கொக்கி அடித்து, பழைய நூல் புடவைகளில் நான்கு தூளி. பக்கத்து பிளாக் பெண்கள் இரண்டு பேருக்குச் சம்பளம். காலை ஐந்து மணிக்கே கதவு திறந்துவிடும். நின்றுபோன பதினோரு பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். கேட்டில் நான் திருப்பி அனுப்பியவள் அந்த ஏழு பேரில் இல்லை. அந்தக் குடும்பம் அதற்குள் வீட்டை விட்டுவிட்டுப் போயிருந்தது, எங்கே என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை.

எரிச்சல் இன்னொன்றும் உண்டு. வேனுக்கு நன்கொடையாளர் ஒரே வாரத்தில் கிடைத்தார், பக்கவாட்டில் பெயர் எழுதலாம் அல்லவா. தூளி அறைக்கு ஆள் பிடிக்க எட்டு மாதம் ஆனது. அதுவரை அதே வேன் விற்ற காசில்தான் சம்பளம் கொடுத்தோம். இளைஞர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர், “தூளியை எந்த ஹெட்ல சார் காட்டறது?” என்றார். நல்ல கேள்வி. நாங்கள் ‘வருகை மேம்பாடு’ என்று எழுதினோம்.

டி.சி. கேட்டு நிறுத்தி வைப்பது

படிப்பு நடக்கும்போதே, பாதி வருடத்தில் வீட்டை இடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து வந்தவர்களிடம் புத்தகப் பையே இல்லை, டி.சி. எங்கிருந்து வரும்? கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் 14ஆம் பிரிவும் டி.சி. தாமதத்தையோ வயதுச் சான்று இல்லாததையோ காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கின்றன. முதலில் உட்கார வையுங்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போடுவது

ஒரு வாரம் வரும். வெட்கத்தில் நின்றுவிடும். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது.

தண்ணீர் வரும் நேரத்தில் பெற்றோர் கூட்டம்

நீங்களும் நாற்காலிகளும்தான் இருப்பீர்கள்.

நோட்டீசில் பிள்ளைகளை விற்பது

‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னால் வேலை தர யோசிப்பார்கள் என்று பசங்கள் பக்கத்துத் தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகாவை இன்று ஊரே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்கிறது.

எங்கள் முதல் நன்கொடை நோட்டீசில் ‘குற்றச் சூழலில் வளரும் பிஞ்சுகள்’ என்று நான்தான் எழுதினேன். ஆபீஸ் மேஜையில் கட்டாகக் கிடந்ததிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றை உருவி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான். படித்துவிட்டு, “சார், சூழல்னா என்ன சார்?” என்றான். ‘குற்றம்’ என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. ஐநூறு நோட்டீசையும் அன்று சாயங்காலமே கிழித்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.