"நல்லாத்தான் இருக்கு, ஆனா..." இல்லாமல் பத்து நிமிடம்

மீட்டிங்கில் ஒருவர் புதிதாக ஒன்றைச் சொல்வார், அவர் முடிப்பதற்குள் "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஒரு குரல் கிளம்பும், யோசனை அங்கேயே படுத்துவிடும். பல வருடம் அந்தக் குரல் என்னுடையதுதான். அதற்கு அறிவெல்லாம் வேண்டாம், பழக்கம் போதும்.

எழுதிய வசனம் இல்லாமல் இம்ப்ராவ் நாடகம் போடுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கூட நடிப்பவர் "டாக்டர், என் கை மரமாகிட்டு வருது" என்கிறார். "நான் டாக்டரே இல்லையே" என்றால் காட்சி முடிந்தது. "போன வாரமே விரல் நுனியில துளிர் பார்த்தேனே" என்றால் ஓடும். இதைத்தான் அவர்கள் "ஆமாம், அதோடு..." என்பார்கள். இதற்கு நகைச்சுவைத் திறமை வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். இந்தக் கலையின் அடித்தளமான விளையாட்டுகளை சிகாகோவில் வயோலா ஸ்போலின் உருவாக்கியபோது அவர் முன்னால் இருந்தவர்களில் பலர் புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகள். அவருடைய மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959-இல் செகண்ட் சிட்டி நாடகக் குழுவைத் தொடங்கியதெல்லாம் பிறகு நடந்த கதை.

சரி, அலுவலகத்தில் எப்படிச் செய்வது? நிஜமான, சின்னப் பிரச்சினை ஒன்றை எடுங்கள். ஐந்தாறு பேர் போதும். பேசத் தொடங்கும் முன் மூன்று நிமிடம் அவரவர் தனியாக எழுதட்டும், இதை விடாதீர்கள். குழுவில் தன் முறைக்குக் காத்திருப்பதிலேயே யோசனைகள் குறைந்துபோகின்றன என்று டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் 1987-லேயே காட்டிவிட்டார்கள். அப்புறம் பத்து நிமிடச் சுற்று. முந்தையவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன்மேல் ஒன்றை வைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

"படிவம் நீளம், பாதியிலேயே போயிடறாங்க. முதல்ல பேரும் போனும் மட்டும் கேப்போம்."

"பேரும் போனும் மட்டும், சரி. மத்ததை அவங்களுக்குத் தேவைப்படற இடத்துல ஒவ்வொண்ணா கேக்கலாம்."

"ஒவ்வொண்ணா கேக்கறப்ப, எதுக்குக் கேக்கறோம்னு பக்கத்துலயே ஒரு வரி போடலாம்."

இந்த இடத்தில் ஒருவர், "சட்டப்படி அடையாளச் சான்று வாங்கியே ஆகணும்" என்கிறார். இது மறுப்பா? இல்லை, இதுவும் மேடையில் வந்து விழுந்த ஒரு வசனம்தான். "வாங்கியே ஆகணும்னா, எந்தப் படியில வாங்கினா வலிக்காது?" என்று அதையும் ஏற்றுக்கொண்டு போகலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: "ஆமாம்" என்றால் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை, நீ சொன்னது காதில் விழுந்தது, இனி இதிலிருந்து பேசுகிறேன் என்று அர்த்தம்.

காதில் விழுவதுதான் பெரிய பாடு. அதற்கு அந்தாதி மாதிரி ஒரு விளையாட்டு உண்டு: எதிராளி முடித்த சொல்லில் நீங்கள் தொடங்க வேண்டும். தமிழில் இது இன்னும் கஷ்டம், வேண்டுமா வேண்டாமா என்பதே வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். பாதியிலேயே மனதுக்குள் பதில் தயாரிக்கிற ஆள் கையும் களவுமாக மாட்டுவார். நான் முதல் சுற்றிலேயே மாட்டினேன்.

மேலதிகாரி இருந்தால் கடைசியில் பேசட்டும், சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டும் விடாதீர்கள், அவர் பார்க்கிறார் என்றாலே மற்றவர்கள் பத்திரமான யோசனைக்குத் தாவிவிடுவார்கள். பாதுகாப்பு, சம்பளக் கணக்கு போன்றவற்றில் கடைசி முடிவை இப்படி எடுக்காதீர்கள்.

பத்து நிமிடம் முடிந்ததும் ஒரு இடைவெளி விட்டு, எழுதி வைத்ததை எல்லோர் முன்னும் வைத்து "ஆனா"வை உள்ளே கூப்பிடுங்கள். அதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், பத்து போதாது.