எலுமிச்சை இலை மஞ்சளானால் உடனே உரம் போடாதீர்கள்

வீட்டில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் அதிகம் கவலைப்படுவது இலை மஞ்சளாவதைப் பற்றித்தான். மஞ்சள் தெரிந்ததும் நர்சரிக்குப் போய் ஏதாவது ஓர் உரத்தை வாங்கிவந்து கொட்டிவிடுகிறோம். சென்னையைப் பொறுத்தவரை அந்த மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் வேரில் இருக்கிறது. வேருக்கு நாம் விடும் தண்ணீரும், அது வடியாமல் நிற்பதும்தான் பாதிச் செடிகளைக் கெடுக்கின்றன.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள் உப்பைத் தாங்குவதில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பல வீடுகளில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதையே தினமும் ஊற்றினால் இலை நுனியும் ஓரமும் கருகும், பிறகு இலை கொட்டும். வெயிலில் வாடுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுவோம். தொட்டிச் செடியென்றால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்புதான்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறவர்கள் பலர். நல்ல எண்ணம்தான், ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள், எலுமிச்சைக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அதைத் தாராளமாக ஊற்றலாம். மெட்ரோ தண்ணீரும் மழைநீரும் நல்லது. போர் தண்ணீரை விட்டால் வழியில்லை என்றால், மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியாக வெளியே ஓடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

தண்ணீர் தேங்குவது அடுத்த பெரிய பிரச்சினை. நகரின் பல பகுதிகளில் களிமண். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல தெருக்களில் வெள்ளம் வடியவே நாட்களாயின. அப்படி மூச்சு முட்டிய வேர் அழுக ஆரம்பிக்கும். மரம் உடனே சாகாது. மழை நின்று, நல்ல வெயில் அடிக்கும்போது இலை தொங்கும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, வடிய வழி செய்ய வேண்டும். தரையில் நடுகிறவர்கள் குழிக்குள் இறக்கி நடாமல், ஓரடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள். அடிமரத்தை ஒட்டித் தண்ணீர் நிற்கும்படி பாத்தி கட்டாதீர்கள். தண்டின் அடியில் பிசின் வடிந்தால் அது பூஞ்சை போன்ற ஒரு கிருமியின் வேலை. அந்த இடத்துப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவ வேண்டும்.

மாடித் தோட்டத்தில் தவறு தொட்டியிலேயே தொடங்குகிறது. பன்னிரண்டு அங்குலத் தொட்டி எலுமிச்சைக்குப் போதாது. இருநூறு லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் நிறையத் துளை போட்டு வைப்பது நல்ல ஏற்பாடு. அதைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். துளை அடைபடாது, கத்திரி வெயிலில் தளத்தின் சூடும் நேரே வேரில் ஏறாது. கனம் குறையட்டும் என்று தேங்காய் நார்த் தூளையே பாதிக்கு மேல் நிரப்புகிறார்கள். மழைக்காலத்தில் அது ஈரத்தை விடவே விடாது. செம்மண், மணல், மட்கிய உரம் மூன்றும் கலந்தால் போதும், நார்த் தூள் கொஞ்சமாக இருக்கட்டும்.

சரி, தண்ணீரும் வடிகாலும் ஒழுங்காக இருந்தும் மஞ்சள் போகவில்லையா? எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலைகள் முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. தொழுவுரம், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு இவையே போதும். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு அல்லது துத்தநாகக் குறைவு. அந்தச் சத்து மண்ணில் இருந்தாலும் மண்ணில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடியிருப்பதால் வேரால் எடுக்க முடியாமல் போயிருக்கலாம். இந்த நேரத்தில் அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ போட்டால் காரம் இன்னும் ஏறும். இதற்கு இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டத்தை இலையில் தெளிப்பதே சரியான வழி. எலுமிச்சை வகைகளுக்கென்றே பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கலவை உருவாக்கியிருக்கிறது. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல், மாலையில் தெளியுங்கள்.

பூச்சி விஷயத்தில் எனக்கு வருத்தம் தருவது, எதைக் கண்டாலும் மருந்தடிக்கும் பழக்கம். இளந்தளிரில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு, கறிவேப்பிலையிலும் இதே புழு வரும். சின்னக் கன்றென்றால் கையால் எடுத்துவிடலாம், வளர்ந்த மரம் நாலு புழுவைத் தாங்கும். இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் வெள்ளிக் கோடு தெரிந்தால் இலைத் துளைப்பான். தளிர் விடும் சமயத்தில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு தெளிக்கலாம். மரம் பூத்திருக்கும்போது எந்த மருந்தும் வேண்டாம், தேனீக்கள் வரட்டும்.

இலையிலும் காயிலும் பழுப்பு நிறப் பொருக்கு, சுற்றி மஞ்சள் வளையம் என்றால் அது சொறி நோய். பாக்டீரியாவால் வருவது, மழைச் சாரலில் பரவும். மழைக்கு முன்பே நோய்ப்பட்ட கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அதன்பின் காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளிக்கலாம்.

காய்க்கவில்லை என்ற புகாருக்கு முதல் காரணம் நிழல். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவிலுள்ள சந்தில் மரம் இலைதான் விடும். விதையில் முளைத்த கன்று காய்க்காது என்று மூன்றாம் வருடமே பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு. நம் நாட்டு எலுமிச்சை விதை பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே வரும், ஆனால் நாலைந்து வருடமாவது காத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற ரகத்தில் ஒட்டுக்கன்று கேட்டு வாங்குங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பது எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் கிள்ளி எறிந்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஒட்டுக்கு வேராக இருக்கும் அடிச்செடி ஓங்கி வளர்ந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் மேலே காய்ந்து போகும்.